காணாமல் போன மூட்டைச் சீட்டு

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்குத் தந்தி என்று பெயர். வைத்தவர் டிரையர் மாமா. துணி உலர்த்தும் பெரிய இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் அவருக்கும் அந்தப் பெயர். "பேசினா நாலே வார்த்தை, நடந்தா ஓட்டம். தந்தி கூட தபால் ஆபீஸ்ல கொஞ்ச நேரம் நிக்கும், இவ நிக்க மாட்டா" என்று அவர் ஒரு நாள் சொல்லப்போக, சம்பளப் பதிவேட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவள் தந்தியாகிப் போனாள்.

பெயர் பொருந்தத்தான் செய்தது. லிஃப்ட் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும் என்று அவளுக்குப் புரியவைக்க யாராலும் முடிந்ததில்லை. இத்தனைக்கும் அவள் கணவனே லிஃப்ட் பழுது பார்ப்பவன். டீ ஆறும் வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வாள். பிரசவத்துக்குக்கூட டாக்டர் குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னாலேயே போய்ப் பெற்றுக்கொண்டு வந்தவள் என்று கூடத்தில் கேலி செய்வார்கள்.

அவளும் அக்காவும் ஒரே மேஜை. அக்கா கூடப் பிறந்தவள் இல்லை. கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவள், எல்லோருக்கும் அக்கா. ஆனால் தந்திக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அக்கா. முதல் நாள் கையுறையின் விளிம்பை இரண்டு மடிப்பு மடித்து மாட்டக் கற்றுக்கொடுத்தது அவள்தான். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த புதிதில் பால் கட்டிக்கொண்டு தந்தி நெளிந்தபோது, "போ, அந்த அலமாரிக்குப் பின்னால போய் பத்து நிமிஷம் உட்காரு. நான் பார்த்துக்கறேன்" என்று இரண்டு பேர் வேலையையும் சேர்த்துச் செய்ததும் அவள்தான்.

வேலை இதுதான். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகக் கீழே வரும். ஒவ்வொரு மூட்டையின் கழுத்திலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எந்த வார்டு, எந்தக் கட்டில் வரிசை, எத்தனை மணிக்குக் கட்டியது என்று அதில் எழுதியிருக்கும். அக்காவின் வேலை தட்டுவது. மூட்டையை மேஜையில் கிடத்தி, ஒரு தட்டைப் பலகையால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிப் பார்க்க வேண்டும். கத்திரி, ஊசி, கண்ணாடித் துண்டு என்று துணிக்குள் என்னென்னவோ சிக்கிக்கொண்டு வரும். பலகைக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் சீட்டில் கையெழுத்துப் போட்டு எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். தந்தியின் வேலை இழுப்பது. துணிகளை ஒவ்வொன்றாக உருவிக் கூடைகளில் பிரித்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத மூட்டைக்குள் கை போகக் கூடாது. அந்த ஒரு விதி மட்டும் சுவரில் சிவப்பில் எழுதியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, வாரக் கடைசியின் மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தபோது, தந்தி ஒரு படுக்கை விரிப்பைப் பிடித்து இழுத்தாள். கட்டை விரலின் அடியில் சுருக்கென்றது. விரிப்பின் மடிப்பில் ஓர் ஊசி. யாருக்கோ ரத்தம் எடுத்த ஊசி. கையுறையின் உள்பக்கம் சிவப்பாக ஒரு புள்ளி பரவியது.

"அக்கா" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிக் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். "சோப்பு போட்டுக் கழுவிக்கிட்டே இரு, நிறுத்தாதே. நான் சூப்பர்வைசரைக் கூட்டிட்டு வர்றேன்." தந்தி குழாய்க்கு முன்னால் முதுகைத் திருப்பி நின்றபடி கழுவிக்கொண்டே இருந்தாள்.

சூப்பர்வைசர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சீட்டு எங்க?"

சீட்டு இல்லை. மேஜையில் இல்லை, மேஜைக்கு அடியில் இல்லை, முடிந்த சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பியிலும் இல்லை. மூட்டையின் கழுத்தில் நூல் மட்டும் தொங்கியது.

"தரை ஈரமா இருக்கு சார். தண்ணியோட போயிருக்கும்" என்றாள் அக்கா.

ஊழியர்களைப் பார்க்கும் டாக்டரம்மா நல்லவிதமாகத்தான் பேசினாள். "எந்த வார்டு, எந்த வரிசைன்னு தெரிஞ்சிருந்தா அந்த ஆறு கட்டில்காரங்ககிட்ட கேட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருப்போம்மா. ரெண்டே நாள்ல விஷயம் முடிஞ்சிருக்கும். இப்ப பதினோரு வார்டு மூட்டையும் கலந்து கிடக்கு, யாரைன்னு கேட்கறது?" ஹெச்.ஐ.வி. என்றாள், ஈரலைத் தாக்கும் நோய்கள் என்றாள். வாய்ப்பு மிகவும் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் மாத்திரை. இன்று ஒரு பரிசோதனை, ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் கடைசியாக ஒன்று. கடைசி முடிவு வந்தால்தான் நிச்சயம்.

"மூணு மாசமா?" என்றாள் தந்தி. மூன்று நிமிடம் காத்திருக்கத் தெரியாதவள்.

"வேற வழியில்லை. கைக்குழந்தை ஏதாவது இருக்கா?"

"பத்து மாசம்."

"பால் குடுக்கறீங்களா?"

தந்தி தலையாட்டினாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "முடிவு வர்ற வரைக்கும் நிறுத்திடறதுதான் நல்லது."

அன்று மாலையே விசாரணை நடந்தது. சூப்பர்வைசர் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் நிற்கவைத்தார். "சீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அப்ப என்ன அர்த்தம்? தட்டாத மூட்டையை நீயே இழுத்துப் போட்டிருக்க. சீக்கிரம் சீக்கிரம்னு நீ பறக்கறதை நான் தினமும்தான் பார்க்கறேனே."

தந்தி அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் நிற்கிறாளே பாவம் என்று தந்தி நினைத்தாள்.

வீட்டுக்குப் போய் அந்தக் காலையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அக்கா தள்ளிய மூட்டையா, நான் இழுத்த மூட்டையா? ஒரு நாளைக்கு எண்பது மூட்டை இழுக்கிற கைக்கு ஒரு மூட்டை மட்டும் எப்படி நினைவிருக்கும்? ஒரு முறை ஓட்டினால் அக்கா பலகையோடு நிற்பது தெரிந்தது. மறு முறை ஓட்டினால் அக்கா திரும்பி நிற்க, அவள் கை தானாக நீண்டது. நான்கைந்து முறைக்குப் பிறகு இரண்டாவதுதான் நிஜம் என்று நிலைத்துவிட்டது. எல்லோரும் சொல்கிற அவசரம்தானே, அது பொய்யாகவா இருக்கும்?

மாத்திரை குடலைப் புரட்டியது. மார்பு கல்லாகக் கனத்தது. பால் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வேண்டும், வலி தாங்காதபோது மட்டும் பீய்ச்சிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் சமையலறைக் கழுவுதொட்டியில் பீய்ச்சிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவாள். பக்கத்து அறையில் கணவன் கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு மகளோடு மல்லுக்கட்டுவான். முதல் நான்கு நாள் குழந்தை அவள் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை வைத்துத் தேய்த்து, தொண்டை கட்டும் வரை அழுதது. ஐந்தாம் நாள் அழுகை பாதியானது. பத்தாம் நாள் கிண்ணத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தது. மூன்றாவது வாரம் பால் வற்றியே போனது. அந்த வீட்டில் முதலில் பொறுத்துக்கொள்ளப் பழகியது குழந்தைதான்.

தந்திக்குப் பழக்கியது அக்கா.

முதல் இரண்டு வாரமும் தந்தி டாக்டரம்மாவின் அறைக்கு நடையாய் நடந்தாள். "சீக்கிரம் பார்க்கற பரிசோதனை வேற எதுவும் இல்லையா?" என்று நர்ஸிடம் கேட்டுக் கேட்டு, நர்ஸ் அவளைக் கண்டாலே உள்ளே ஓடும் அளவுக்கு ஆகிவிட்டது. அக்காதான் ஒரு நாள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இங்க பாரு. நாளை எண்ணாதே. எண்ண எண்ண அது நீளும். இந்த மூட்டையை எண்ணு. முடிஞ்சா அடுத்த மூட்டை."

"என்னால முடியலக்கா."

"முடியும். அவசரப்பட்டு என்ன கண்டே? கையில ஊசி வாங்கினதுதான் மிச்சம்."

அது சுட்டது. ஆனால் நியாயமாகப் பட்டது. சூப்பர்வைசர் தந்தியை இழுக்கும் வேலையிலிருந்து மாற்றித் துவைத்த துணி மடிக்கும் பக்கத்தில் போட்டபோது, அக்கா தானாகவே கேட்டு அங்கே மாற்றிக்கொண்டு வந்தாள். பதினாறு வருட மேஜையை விட்டுவிட்டு வருகிறாளே என்று தந்தி நினைத்துக்கொண்டாள். விரிப்பின் இரண்டு முனை அக்காவிடம், இரண்டு முனை தந்தியிடம். "நாலு மூலையும் பொருந்தணும். பொருந்தலைன்னா மறுபடி பிரி" என்பாள் அக்கா. தந்தி மறுபடி பிரிப்பாள். டீயை ஆற்றிக் கையில் கொடுப்பாள். "ஒவ்வொரு வாயா." தந்தி ஒவ்வொரு வாயாகக் குடிப்பாள்.

டிரையர் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, தந்தி சாதாத் தபாலாயிடுச்சே! ஸ்டாம்பு கூட ஒட்டாத தபால் மாதிரி இருக்கியே!"

"உங்களுக்கென்ன மாமா, உங்க மெஷினே உங்களை விட வேகம்" என்றாள் தந்தி, நிதானமாக.

ஆறாவது வாரப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அது கடைசி இல்லை. பழைய தந்தியாக இருந்தால் அந்த "ஆனால்" அவளைக் கொன்றிருக்கும். இப்போது தலையாட்டிவிட்டு வந்து மூலை பொருத்தினாள். பயம் போய்விடவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது, பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது, குழந்தையின் நகம் அவள் கன்னத்தில் கீறும்போது அது எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கட்டும் என்று விட்டுவிடக் கற்றுக்கொண்டாள். கணவன் பழுது பார்க்கும் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பொத்தானை ஒரே முறை அழுத்திவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "ஜுரம் ஒண்ணும் இல்லையே? நீ இப்படித் திருந்திட்டா என் தொழில் என்ன ஆகறது? பாதி பொத்தான் உன்னாலதானே ரிப்பேர் ஆச்சு!"

அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பொறுமை என்பது தன் உடம்பில் இல்லாத உறுப்பு என்று நினைத்திருந்தவள், அது முளைப்பதைத் தானே பார்த்தாள். அதற்குத் தண்ணீர் ஊற்றியவள் அக்கா. கணவனிடம் சொன்னாள், "அக்கா மட்டும் இல்லைன்னா நான் பைத்தியமாயிருப்பேன்."

மூன்றாவது மாதம் கடைசி ரத்தம் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். தந்தி பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். ஒரு முறைகூடக் கதவை எட்டிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். "ஒண்ணும் இல்லைம்மா. சுத்தமா இருக்கு. இனிமே நீங்க இதை மறந்துடலாம்."

தந்திக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒன்று தோன்றியது. "குழந்தைக்குப் பால் குடுக்கலாமா?"

"தாராளமா. வந்தா குடுங்க" என்ற டாக்டரம்மா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிடுச்சில்ல. கஷ்டம்தான். குழந்தைக்கும் பதிமூணு மாசம் ஆச்சு, அதுவும் மறந்திருக்கும்."

கீழே போனதும் கூடமே திரண்டுவிட்டது. டிரையர் மாமா இயந்திரத்தை நிறுத்தினார். அவர் வேலை நேரத்தில் அதை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. "அப்பாடா! இனிமே ஓடு தாயி, பழையபடி ஓடு!" ஒருத்தி கட்டிப்பிடித்தாள், ஒருத்தி கையைக் குலுக்கினாள். அக்கா மட்டும் மடித்து வைத்த விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது ஆனந்தக் கண்ணீர் மாதிரி இல்லை, தோள் குலுங்கிக் குலுங்கி நிற்காமல் வந்த அழுகை.

"பாரு, கூடப் பொறந்தவகூட இப்படி அழமாட்டா" என்றார் மாமா.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா அவளை அலமாரிகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். முன்பு தந்தி பத்து நிமிடம் உட்கார்ந்து எழும் அதே மூலை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு மாசமா நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு. இன்னைக்குத்தான் சொல்ல வாய் வருது. நல்லபடியா முடிஞ்சுடுச்சில்ல, அதான்."

"சொல்லுக்கா."

"அந்தச் சீட்டு தண்ணியில போகல."

தந்தி புரியாமல் பார்த்தாள்.

"நான்தான் கிழிச்சேன். நீ கை கழுவிக்கிட்டு நின்னே பாரு, அப்ப. கிழிச்சுக் கூடத்து வாய்க்கால்ல போட்டுட்டேன். அதுல என் கையெழுத்து இருந்துச்சு."

"தட்டினியா?"

"திங்கக்கிழமை கூட்டம் உனக்குத் தெரியாதா? வரிசையா எட்டு மூட்டைக்கும் முதல்லயே கையெழுத்தைப் போட்டு வச்சுட்டேன். சிலதைத் தட்டினேன், சிலதைத் தட்டல. அந்த மூட்டையை நான்தான் உன் பக்கம் தள்ளினேன்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஏற்கெனவே ரெண்டு தடவை எச்சரிக்கை எழுதிக் குடுத்துட்டாங்கடி. மூணாவதுன்னா வீட்டுக்குத்தான். வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா படுக்கையில கிடக்காரு. என்ன பண்ணச் சொல்றே?"

தந்தி மனதுக்குள் அந்தக் காலையை மறுபடி ஓட்டினாள். இந்த முறை கை தானாக நீளவில்லை. மூட்டை வந்தது. அக்கா தள்ளினாள். சீட்டில் கையெழுத்து இருந்தது. கையெழுத்தைப் பார்த்துத்தான், நம்பித்தான், கை உள்ளே போனது.

"எந்த வார்டு?" என்று கேட்டாள்.

"என்ன?"

"சீட்டுல எந்த வார்டுன்னு போட்டிருந்துச்சு?"

அக்கா "நாலு" என்றாள் மெதுவாக. "நாலாம் வார்டு. ஜன்னல் வரிசை."

அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதமும், டீ ஆற்றிய ஒவ்வொரு நாளும், நாலாம் வார்டு ஜன்னல் வரிசை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறு கட்டில். இரண்டு நாள். அந்தக் குடலைப் புரட்டும் மாத்திரையில் இரண்டே நாள். மகள் இரண்டே நாள் அழுதிருப்பாள்.

"இன்னைக்கு முடிவு கெட்டதா வந்திருந்தா சொல்லியிருப்பியா?"

"அப்படி ஏன் பேசறே? அப்படி வராதுன்னு எனக்கு மனசுல பட்டுக்கிட்டே இருந்துச்சு."

"சொல்லியிருப்பியா?"

அக்கா கையுறையின் விளிம்பை மடித்தாள், பிரித்தாள். பிறகு அவசரமாக, தந்தியின் தோளைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். "ஆனா ஒண்ணு பாரு. நீ எப்படி மாறிட்டே! எவ்வளவு பொறுமை! நான் சொல்லிக் குடுத்ததுக்கு நீ இந்த அளவுக்கு வருவேன்னு நானே நினைக்கல. கெட்டதுலயும் ஒரு நல்லது."

தந்தி அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து, மெதுவாக, அக்காவின் பக்கத்திலேயே வைத்தாள்.

அவளுக்கு ஊசியை நினைத்துக் கோபம் வரவில்லை. தட்டாமல் விட்டதற்குக்கூட வரவில்லை. திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் "அவசரப்பட்டு என்ன கண்டே" என்று கேட்ட வாய் அவளை அறுத்தது. தன் கையே தனக்குக் கேடு என்று மூன்று மாதம் நம்பினாளே, அதை நம்பவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறுதல் சொன்ன வாய். காத்திருக்கத் தேவையே இல்லாத ஒன்றுக்குக் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்த வாய்.

சூப்பர்வைசர் கதவருகில் வந்து கூப்பிட்டார். "தந்தி, ஒரு கையெழுத்து. ஃபைலை முடிச்சுடலாம்."

அவள் போனாள். பின்னாலேயே அக்காவும் வந்து கதவுக்கு வெளியே நின்றாள். படிவம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. காரணம்: பணியாளரின் அவசரம். மூட்டைச் சீட்டு: கிடைக்கவில்லை. விளைவு: பாதிப்பு ஏதும் இல்லை. அடியில் அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு.

தந்தி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சூப்பர்வைசருக்கே பொறுமை போய்விட்டது. "என்னம்மா, பரீட்சையா எழுதறே? போடு."

"இது தப்பு சார்."

"எது?"

"மூணு வரியும்."

பேனாவால் முதல் வரியை அடித்தாள். இரண்டாவதை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: நாலாம் வார்டு, ஜன்னல் வரிசை. தட்டும் பணியாளரின் கையெழுத்து இருந்தது. கிழிக்கப்பட்டது. மூன்றாவது வரிக்கு வந்து பேனா நின்றது. "பாதிப்பு" என்ற சொல்லுக்கு எதிரே என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் படிவத்தில் அவ்வளவு இடமும் இல்லை. "ஏதும் இல்லை" என்பதை மட்டும் அடித்துவிட்டு விட்டுவிட்டாள்.

சூப்பர்வைசர் படித்தார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப எதுக்கும்மா இது? எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு. அது வீட்டு நிலைமை உனக்குத் தெரியாதா? யோசிச்சுச் செய். ரெண்டு நாள் கழிச்சுக் கூட எழுதலாம்."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் எழுதினேன்." பேனாவை மேஜையில் வைத்தாள். "நான் அவசரப்படல சார்."

அவர் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தார். நிர்வாக அதிகாரி வர அரை மணி ஆகும், அதுவரை இரண்டு பேரும் வெளியே உட்காருங்கள் என்றார்.

வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. அக்கா ஒரு முனையில் உட்கார்ந்தாள். தந்தி மறு முனையில் உட்கார்ந்தாள். உள்ளே டிரையர் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அக்கா அழவில்லை. முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டு, பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கம் திரும்பிப் பேச வாயெடுத்தாள்.

"பேசாதக்கா" என்றாள் தந்தி.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இன்னும் அக்கா என்றுதான் வாயில் வருகிறது. எரிச்சலாக இருந்தது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தாள். அக்காவின் சொந்தப் பெயரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. இன்னும் அரை மணியில், அதிகாரி கேட்கும்போது, சொல்லியாக வேண்டும்.